எழுதிவைத்தால் மாட்டிக்கொள்வோமா?

1985-ஆம் ஆண்டு நியூயார்க் – நியூஜெர்சி துறைமுக ஆணையத்தின் மேசைகளில் ஓர் அறிக்கை வலம் வந்தது. உலக வர்த்தக மையக் கட்டடங்களுக்கு உரிமையாளர் அந்த ஆணையம்தான். அறிக்கையை எழுதியவர்களும் அதன் சொந்த ஆட்கள்தாம். பயங்கரவாத ஆபத்துகளை ஆராய ஆணையமே அமைத்த ஒரு சிறு பிரிவு அது. அவர்கள் சொன்னது இதுதான்: அடித்தளத்தில் பொதுமக்கள் காசு கொடுத்து வண்டி நிறுத்தும் இடம் இருக்கிறது. வெடிமருந்து ஏற்றிய வண்டியை யார் வேண்டுமானாலும் அங்கே கொண்டுவந்து நிறுத்திவிட்டு இறங்கிப் போய்விடலாம். குறித்த நேரத்தில் அது வெடிக்கும். ஆகவே பொதுமக்களுக்கான நிறுத்தத்தை மூடிவிடுங்கள். முடியாதென்றால் உள்ளே வரும் வண்டிகளையாவது சோதியுங்கள்.

ஆணையம் மூடவில்லை. வருமானம் போகும், வாடகைக்கு இருப்பவர்கள் முகம் சுளிப்பார்கள் என்று கணக்குப் போட்டது. 1993 பிப்ரவரி 26 அன்று நண்பகலில், வாடகைக்கு எடுத்த மஞ்சள் வேன் ஒன்று அந்த அடித்தளத்தில் வெடித்தது. அறிக்கை சொன்ன அதே இடம், அறிக்கை சொன்ன அதே வழி. 6 பேர் இறந்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள்.

வழக்கு ஜூரியின் முன் வர 2005 ஆகிவிட்டது. இழப்புக்கான பழியில் குண்டு வைத்தவர்களின் பங்கு 32 விழுக்காடு, துறைமுக ஆணையத்தின் பங்கு 68 விழுக்காடு என்று ஜூரி தீர்ப்பளித்தது. கொன்றவனைவிடக் கட்டடக்காரனுக்கு இரண்டு மடங்கு பழியா என்று கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது. கேட்டவுடன் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு சட்ட நுணுக்கம் இருக்கிறது. நியூயார்க் சட்டப்படி ஒருவருடைய பங்கு 50 விழுக்காட்டைத் தாண்டினால், வலி, வேதனை போன்றவற்றுக்கான இழப்பீடு முழுவதையும் அவரிடமிருந்தே வசூலிக்கலாம். சிறையில் இருக்கும் பயங்கரவாதியிடம் யார் போய் வசூலிப்பது?

ஜூரியை அசைத்த சான்று எது என்று தேடவே வேண்டியதில்லை. அந்த 1985 அறிக்கைதான். ‘உங்களுக்குத் தெரிந்திருந்தது’ என்ற ஒரு வரிக்கு அதைவிடப் பெரிய ஆவணம் கிடைக்காது.

கதை அங்கே முடிந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இல்லை. 2011 செப்டம்பரில் நியூயார்க் மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 4-க்கு 3 என்ற கணக்கில் தீர்ப்பைக் கவிழ்த்தது. காவல் ஏற்பாடு என்பது போலீஸ் பணியைப் போன்ற அரசுப் பணி. ஒரு பொது அமைப்பு நிபுணர்களைக் கேட்டு, ஆபத்துகளை எடைபோட்டு, கையிலிருக்கும் பணத்தை எங்கே செலவிடுவது என்று யோசித்து முடிவெடுத்திருந்தால், அந்த முடிவு பின்னால் பொய்த்துப்போனாலும் அதற்காக அதன்மீது வழக்குத் தொடுக்க இயலாது என்றது நீதிமன்றம். யோசித்தார்கள் என்பதற்கு என்ன சான்று? மறுபடியும் அதே அறிக்கைகள். கீழே ஆணையத்தைக் கவிழ்த்த காகிதம் மேலே வந்து அதைத் தூக்கி நிறுத்திவிட்டது. ஆனால் இந்தச் சலுகை பொது அமைப்பு என்பதால் கிடைத்தது. ஒரு தனியார் ஹோட்டலின் அலமாரியிலோ, திரையரங்கின் அலமாரியிலோ அந்த அறிக்கை கிடந்திருந்தால் 2005-இல் கதை முடிந்திருக்கும்.

நான் இவற்றையெல்லாம் தோண்டத் தொடங்கியதற்குக் காரணம் எங்கள் பொருளாளர்.

லண்டன் புறநகரில் ஒரு தமிழ்ப் பள்ளியின் நிர்வாகக் குழுவில் இருக்கிறேன். சனிக்கிழமைகளில் ஓர் ஆங்கிலப் பள்ளியின் வகுப்பறைகளை வாடகைக்கு எடுத்து நடத்துகிறோம். ஆண்டு விழாவுக்கு அதே பள்ளியின் பெரிய மண்டபம். நானூறு பேர் வருவார்கள். தாத்தா பாட்டிகளையும் கைக்குழந்தைகளையும் சேர்த்தால் இன்னும் கூடும். பிழைப்புக்கு நான் இருப்பது காப்பீட்டுத் துறையில், இழப்பீட்டுக் கோரிக்கைகளைப் பரிசீலிக்கும் பிரிவில். அதனால் ‘பாதுகாப்பு’ என்று யார் வாயெடுத்தாலும் அந்த வேலை என் தலையில் வந்து விழும். பிரிட்டனில் புதுச் சட்டம் வரப்போகிறது, எதற்கும் ஓர் இடர் மதிப்பீட்டை இரண்டு பக்கத்தில் எழுதிவைப்போம், எந்த வாசல் எங்கே போகிறது, யார் எதைப் பார்த்துக்கொள்வது என்று குறித்துக்கொள்வோம் என்று கூட்டத்தில் சொன்னேன்.

பொருளாளர் யாழ்ப்பாணத்துக்காரர். வாழ்நாள் முழுவதும் கணக்கு எழுதியவர். “தம்பி, நீங்கள் சொல்வதெல்லாம் நல்லதுதான். ஆனால் நாளைக்கு ஏதும் நடந்தால் அந்தக் கடுதாசியைத்தான் நீதிமன்றத்தில் காட்டுவார்கள். பின்வாசலில் பிழை இருக்கிறது என்று இவர்களே எழுதிவைத்திருக்கிறார்கள் பாருங்கள் என்பார்கள்” என்றார்.

“தெரியாது என்று சொன்னால் மட்டும் விட்டுவிடுவார்களா அண்ணை?”

“விடமாட்டார்கள். ஆனால் தெரிந்தும் விட்டான் என்ற பெயர் வராதுதானே?”

அவர் சொன்னதைச் சிரித்து ஒதுக்கிவிட முடியவில்லை. என் துறையில் நாள்தோறும் நடப்பதும் இதுதான். வண்டி மோதிக்கொண்டால் ‘தவறு என்மேல்தான்’ என்று சொல்லிவிடாதீர்கள் என்று வாடிக்கையாளர்களுக்கு எழுதுவதே நாங்கள்தான். போதாக்குறைக்குச் சட்டத்திலும் அவருக்குத் துணை இருக்கிறது. ஸ்காட்லாந்தின் டன்ஃபெர்ம்லின் நகரில் 1976-இல் ஒரு பெரிய நிறுவனம் பழைய சினிமா கொட்டகை ஒன்றை வாங்கிப் பூட்டிப் போட்டது. ஊர்ப் பையன்கள் உள்ளே புகுந்தார்கள். முதலில் சின்னச் சின்னதாகத் தீ வைத்துப் பார்த்தார்கள். பிறகு ஒருநாள் கொட்டகையே எரிந்து பக்கத்துக் கட்டடங்களும் சேதமாயின. வழக்கு, அன்று கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபைவரை போனது. 1987-இல் நிறுவனம் பொறுப்பல்ல என்று தீர்ப்பு வந்தது. பையன்கள் புகுவதோ, முன்பே தீ வைத்துப் பார்த்ததோ நிறுவனத்துக்குத் தெரியாது. யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. தெரிந்திருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கலாம். ஒருவன் வேண்டுமென்றே செய்யும் குற்றத்துக்கு இன்னொருவனைப் பொறுப்பாக்கப் பிரிட்டிஷ் சட்டம் எப்போதுமே தயங்கும். அந்தத் தயக்கத்தை உடைக்கக்கூடிய ஒன்று, ‘அவனுக்குத் தெரிந்திருந்தது’ என்பது.

மறுபக்கமும் உண்டு. 1957-ஆம் ஆண்டின் இடவுரிமையாளர் பொறுப்புச் சட்டம், வருகிறவர்கள்மீது நியாயமான அக்கறை காட்ட வேண்டும் என்கிறது. தெரிந்திருக்க வேண்டியதைத் தெரிந்துகொள்ளாமல் இருப்பதும் அக்கறைக் குறைவில்தான் சேரும். ஆக, கண்ணை மூடிக்கொள்வதற்கு ஓர் எல்லை இருக்கிறது. அந்த எல்லை எங்கே என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. வழக்கறிஞர்கள் பிழைப்பது அந்த இடைவெளியில்.

இந்த இடத்தில் மான்செஸ்டருக்குப் போயாக வேண்டும்.

2017 மே 22. மான்செஸ்டர் அரீனாவில் அரியானா கிராண்டேயின் இசை நிகழ்ச்சி. வந்திருந்தவர்களில் பெரும் பகுதி பள்ளி வயதுப் பிள்ளைகள். அரீனாவின் கதவுக்கும் விக்டோரியா ரயில் நிலையத்துக்கும் இடையே ‘சிட்டி ரூம்’ என்றொரு கூடம். பிள்ளைகளை அழைத்துப்போக வந்த பெற்றோர் காத்து நிற்பது அங்கேதான். டிக்கெட்டும் பையும் பார்ப்பது அதற்கு அடுத்த வாசலில். கூடத்துக்குள் யாரும் வரலாம், போகலாம். இரவு 10.31-க்கு அங்கே குண்டு வெடித்தது. 22 பேர் உயிரிழந்தார்கள்.

நீதிபதி சர் ஜான் சாண்டர்ஸ் தலைமையிலான விசாரணை மூன்று தொகுதிகளாக அறிக்கை தந்தது. 2021 ஜூனில் வந்த முதல் தொகுதி அரங்கின் பாதுகாப்பைப் பற்றியது. பொது இடங்களில் கூட்டம் நடத்தும் எவரும் படிக்க வேண்டிய தொகுதி. படிக்கப் படிக்கக் கோபம் வரும். கூடத்தின் மேற்பகுதியில் ஓர் உயர்ந்த தளம் இருந்தது. அதன் ஒரு மூலையை எந்த சிசிடிவி கேமராவும் பார்க்கவில்லை. கொலையாளி முந்தைய நாள்களிலேயே வந்து நோட்டம் பார்த்திருக்கிறான். அன்றிரவு கனத்த முதுகுப்பையோடு ஏறத்தாழ ஒரு மணி நேரம் அந்த மூலையில்தான் இருந்தான். நிகழ்ச்சி முடிவதற்கு முன் பாதுகாப்பு ஊழியர் கூடத்தைச் சுற்றிப் பார்த்தபோது அந்த மேல்தளத்துக்கு ஏறிப் பார்க்கவில்லை. போக்குவரத்துப் போலீசார் இருவர் உணவு இடைவேளை என்று ஐந்து மைல் வண்டி ஓட்டிப் போய் கபாப் வாங்கி வந்தார்கள். இடைவேளை இரண்டு மணி நேரத்தைத் தாண்டியது. வெடித்த நேரத்தில் கூடத்தில் ஒரு போலீஸ்காரரும் இல்லை.

பிள்ளையை அழைத்துப்போக வந்த ஒருவருக்கு அந்த ஆள்மீது சந்தேகம் வந்தது. நேரே போய், பையில் என்ன இருக்கிறது என்று கேட்டே விட்டார். சரியான பதில் வரவில்லை. இறங்கி வந்து ஓர் இளம் பாதுகாப்பு ஊழியரிடம் சொன்னார். அவர் இன்னொரு ஊழியரிடம் சொன்னார். அந்த இரண்டாமவருக்கு வயது 18. வாக்கி-டாக்கியில் கட்டுப்பாட்டு அறையைப் பிடிக்க முயன்றிருக்கிறார், இணைப்புக் கிடைக்கவில்லை. தோற்றத்தை வைத்துச் சந்தேகப்பட்டால் இனவெறியன் என்று பெயர் வாங்கிவிடுவோமோ என்ற பயமும் தன்னைத் தடுத்ததாக விசாரணையில் சொன்னார். அவரைக் குற்றம் சொல்ல என்னால் முடியவில்லை. அந்த இரவில் 22 குடும்பங்களின் தலைவிதி ஒரு 18 வயதுப் பையனின் வாக்கி-டாக்கியில் தொங்கும்படி ஏற்பாடு செய்தவர்கள் வேறு யாரோ.

அந்த ‘வேறு யாரோ’ யார் என்பதையும் அறிக்கை சொல்கிறது: அரங்கை நடத்திய எஸ்எம்ஜி, கூட்டக் கட்டுப்பாட்டுக்கு அமர்த்தப்பட்ட ஷோசெக், பிரிட்டிஷ் போக்குவரத்துப் போலீஸ். எழுத்தில் இருந்த இடர் மதிப்பீடுகள் போதுமானவையாக இல்லை என்றும் சாண்டர்ஸ் பதிவுசெய்தார். இங்கே ஒன்றைக் கவனித்தேன். எங்கள் பொருளாளர் பயப்படுவது உண்மையை எழுதிவைத்து மாட்டிக்கொள்வதைப் பற்றி. மான்செஸ்டரில் நடந்தது அதற்கு நேர் எதிர். காகிதம் இருந்தது, காகிதத்தில் உண்மை இல்லை. கேமரா பார்க்காத மூலையைக் கண்டுபிடிக்க நிபுணர் தேவையில்லை. பகலில் ஒருவர் அந்தக் கூடத்தில் நடந்து, திரையில் தான் எங்கே மறைகிறோம் என்று இன்னொருவரைப் பார்க்கச் சொல்லியிருந்தால் போதும்.

இரண்டாம் தொகுதி இதைவிட மோசம். வெடிப்புக்குப் பின் தீயணைப்புப் படை வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கும் மேலானது. கூடத்துக்குள் சென்ற மருத்துவ உதவியாளர்கள் மூன்றே பேர். மூன்றாம் தொகுதி உளவுத்துறையைப் பற்றியது. தாக்குதலைத் தடுத்திருக்கக்கூடிய முக்கியமான வாய்ப்பை எம்ஐ5 தவறவிட்டது என்று அது சொன்னது. அதை வைத்துக்கொண்டு உயிர்பிழைத்தவர்களும் இறந்தவர்களின் குடும்பத்தினருமாக இருநூற்றுக்கும் மேற்பட்டோர் எம்ஐ5-க்கு எதிராகத் தீர்ப்பாயத்தை அணுகினார்கள். 2024 நவம்பரில் தீர்ப்பாயம் கையை விரித்தது: காலம் கடந்து வந்திருக்கிறீர்கள். உண்மை முழுவதும் வெளியே வரட்டும் என்று விசாரணை முடியும்வரை காத்திருந்தோம் என்றார்கள் அவர்கள். ‘தெரிந்திருந்தது’ என்று நிறுவுவதற்குள் வழக்குப் போடும் கெடு முடிந்துவிட்டது.

இனிச் சட்டம். மான்செஸ்டரில் இறந்த மார்ட்டின் ஹெட் என்ற இளைஞரின் தாய் ஃபிகன் மரே. எந்தக் கூட்டத்துக்கும் குறைந்தபட்சப் பாதுகாப்புக் கடமை என்று ஒன்று சட்டத்தில் இல்லை என்று அறிந்து அதிர்ந்துபோனார். தீப்பிடித்தால் என்ன செய்வது என்று ஒவ்வொரு மண்டபத்துக்கும் விதி இருக்கிறது. தாக்குதல் நடந்தால் என்ன செய்வது என்பதற்கு அப்போது ஒன்றுமே இருக்கவில்லை. பல ஆண்டுகள் போராடினார். 2024-இல் மான்செஸ்டரிலிருந்து லண்டன் டவுனிங் தெருவரை நடந்தே வந்தார். 2025 ஏப்ரல் 3 அன்று சட்டத்துக்கு அரசரின் ஒப்புதல் கிடைத்தது. மகனின் பெயரால் எல்லோரும் அதை ‘மார்ட்டின் சட்டம்’ என்றே அழைக்கிறார்கள். நடைமுறைக்கு வர ஒப்புதலிலிருந்து குறைந்தது 24 மாத அவகாசம்.

200 பேர் முதல் 799 பேர்வரை கூடக்கூடிய இடங்கள் ஒரு படி. 800-உம் அதற்கு மேலும் கூடுவது அடுத்த படி. கீழ்ப்படியில் கேமரா வாங்கு, தடுப்பு கட்டு என்று எதுவும் கிடையாது. ஆபத்து வந்தால் வெளியேற்றுவது எப்படி, வெளியே ஆபத்தென்றால் உள்ளே கொண்டுவருவது எப்படி, கதவுகளை அடைப்பது எப்படி, இதையெல்லாம் மக்களுக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்து ஓர் ஒழுங்கு வைத்திருக்க வேண்டும், முக்கியமாக அவ்வளவுதான். மேற்படியில் கண்காணிப்பு, நுழைவுக் கட்டுப்பாடு என்று கடமைகள் கூடும்; செய்ததையெல்லாம் எழுதி, சட்டத்தைக் கண்காணிக்கும் ஒழுங்காணையத்துக்கு அனுப்பவும் வேண்டும். மீறினால் அபராதம் 1 கோடியே 80 லட்சம் பவுண்டு அல்லது உலகளாவிய வருவாயில் 5 விழுக்காடு, எது அதிகமோ அதுவரை போகலாம். கீழ்ப்படிக்கு உச்சம் 10,000 பவுண்டு. கோயில், தேவாலயம், மசூதி, பள்ளிக்கூடம் ஆகியவை எத்தனை பேர் கூடினாலும் கீழ்ப்படிதான். தேர்த் திருவிழாவுக்கு ஆயிரக்கணக்கானோர் கூடும் லண்டன் கோயில்கள் இந்தச் சலுகையை நல்லபடியாக எடுத்துக்கொள்ளும் என்று நம்புகிறேன். நம்பிக்கை அவ்வளவாக இல்லை.

பொருளாளரின் கேள்விக்குப் பதில், இந்தச் சட்டத்தில் பலர் படிக்காமல் தாண்டிப்போகும் ஒரு பிரிவில் இருக்கிறது. சட்டத்தின் கடமையை ஒருவர் மீறினார் என்பதை மட்டும் வைத்து அவர்மீது இழப்பீட்டு வழக்குப் போடும் உரிமை யாருக்கும் வராது என்கிறது அது. ஒழுங்காணையம் தண்டிக்கலாம், ஆனால் இந்தச் சட்டம் வழக்குக்குப் புதிய கதவைத் திறக்கவில்லை. பழைய கதவு, அதாவது அக்கறைக் குறைவு என்ற வழக்கமான வழி, முன்பிருந்தபடியே இருக்கிறது. முதலில் படித்தபோது பாதிக்கப்பட்டவர்களுக்கு இது துரோகம் என்றுதான் நினைத்தேன். இப்போதும் பாதி அப்படித்தான் நினைக்கிறேன். மறுபாதிக்கு அந்த ஏற்பாட்டின் நியாயம் புரிகிறது: தொண்டர்களை வைத்து நடக்கும் சிறு மண்டபங்கள், வழக்குப் பயத்தில் பேனாவை மூடிவிடக் கூடாது.

அமெரிக்கா இதே சிக்கலை வேறு வழியில் அவிழ்க்கப் பார்த்தது. 2001-க்குப் பிறகு பாதுகாப்புக் கருவி செய்யும் நிறுவனங்களும் சேவை தரும் நிறுவனங்களும் மிரண்டுபோயிருந்தன. ஒரு தாக்குதல் நடந்தால் வழக்குகளிலேயே திவாலாகிவிடுவோம் என்ற பயம். 2002-இல் ‘சேஃப்டி சட்டம்’ வந்தது. உன் பாதுகாப்பு ஏற்பாட்டை உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையிடம் கொண்டுவந்து காட்டு, நாங்கள் அலசிப் பார்த்து ஒப்புக்கொண்டால், பயங்கரவாதத் தாக்குதல் நடந்தாலும் உன் பொறுப்புக்கு உச்சவரம்பு உண்டு. நீ எடுத்திருக்கும் காப்பீட்டின் அளவுக்கு மேல் போகாது. தண்டனையாக விதிக்கும் கூடுதல் இழப்பீடும் கிடையாது. இன்னும் ஒருபடி மேலான சான்று பெற்றால் வழக்கையே தடுக்கும் வாதம் கைக்கு வரும். என்எஃப்எல் என்ற அமெரிக்கக் கால்பந்து அமைப்பு 2008-இல் தன் மைதானப் பாதுகாப்பு விதிகளுக்கு இந்தச் சான்றைப் பெற்றது. நியூயார்க்கின் யாங்கி பேஸ்பால் மைதானமும் பின்னர் வாங்கியது.

காப்பீட்டுக்காரனாக எனக்கு இதில் ஒரு கவர்ச்சி இருக்கிறது. ஓட்டைகளை மறைப்பவனைவிட, எடுத்து வைத்துக் காட்டுபவனுக்குப் பரிசு. பேரம் நேரானது. ஆனால் பேரத்தில் மூன்றாவது தரப்பு ஒன்று இருக்கிறது. டிக்கெட் வாங்கி உள்ளே உட்கார்ந்திருப்பவர். அவரை யாரும் கேட்கவில்லை.

அந்த மூன்றாவது தரப்புக்கு என்ன நேரும் என்பது லாஸ் வேகாஸில் தெரிந்தது. 2017 அக்டோபர் 1 இரவு, மாண்டலே பே ஹோட்டலின் 32-ஆவது மாடியிலிருந்து ஒருவன் கீழே திறந்தவெளி இசை விழாவில் இருந்த கூட்டத்தை நோக்கி ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறை சுட்டான். பின்னாளில் இறந்தவர்களையும் சேர்த்தால் 60 பேர் பலி. இருபதுக்கும் மேற்பட்ட பெட்டிகளில் துப்பாக்கிகளையும் தோட்டாக்களையும் சில நாள்களாக அறைக்குக் கொண்டுபோயிருக்கிறான். ஹோட்டலும் விழா மைதானமும் எம்ஜிஎம் நிறுவனத்தினுடையவை. 2018 ஜூலையில் எம்ஜிஎம் ஒரு காரியம் செய்தது. பாதிக்கப்பட்டவர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர்மீது அதுவே வழக்குப் போட்டது. பணம் கேட்டு அல்ல. விழாவுக்கு நாங்கள் அமர்த்திய பாதுகாப்பு நிறுவனம் சேஃப்டி சட்டச் சான்று பெற்றது, ஆகவே எங்களுக்குப் பொறுப்பில்லை என்று அறிவியுங்கள் என்று கேட்டு. மகளைப் பறிகொடுத்தவர் வீட்டுக்கு எம்ஜிஎம் உங்கள்மீது வழக்குத் தொடர்ந்திருக்கிறது என்று நோட்டீஸ் போனால் எப்படி இருக்கும்? நாடே காறி உமிழ்ந்தது. சட்டமாகவும் அந்த வாதம் ஆட்டம் கண்ட நிலையில்தான் இருந்தது: சான்று பெற்றது திறந்தவெளி விழாவைப் பார்த்துக்கொண்ட நிறுவனம், சுட்டவன் இருந்தது ஹோட்டல் அறையில். மேலும், நடந்தது பயங்கரவாதச் செயல்தான் என்று உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைச் செயலர் தீர்மானித்தால்தான் சட்டமே உயிர்பெறும். அவர் தீர்மானிக்கவில்லை. கடைசியில் 80 கோடி டாலருக்குச் சமரசம். 2020 செப்டம்பரில் நீதிமன்றம் ஒப்புதல் தந்தது. அதில் 75 கோடியே 10 லட்சம் காப்பீட்டு நிறுவனங்களின் பணம். தவறை எம்ஜிஎம் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த வரி இல்லாத சமரசப் பத்திரத்தை என் தொழிலில் நான் பார்த்ததே இல்லை.

இதையெல்லாம் பொருளாளரிடம் சொன்னபோது, பொறுமையாகக் கேட்டுவிட்டு, “எங்கள் ஊர்க் கதை உங்களுக்குத் தெரியும்தானே?” என்றார். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொழும்பின் ஹோட்டல்கள், கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு சீயோன் தேவாலயங்கள் என்று அடுத்தடுத்துக் குண்டுகள். தாக்குதல் வரப்போகிறது என்று இந்திய உளவுத்துறை ஏப்ரல் 4-ஆம் தேதியே இலங்கைக்குச் சொல்லிவிட்டது. ஏப்ரல் 11-இல் போலீசுக்குள் ஒரு கடிதம் போயிற்று. அமைச்சர்கள், நீதிபதிகள், தூதர்கள் ஆகியோரின் பாதுகாப்புப் பிரிவுகளுக்கு. தேவாலயங்களுக்குப் போகவில்லை. சீயோன் தேவாலயத்தில் முதுகுப்பையோடு வந்தவனை முற்றத்திலேயே மறித்து, பையோடு உள்ளே விடமாட்டேன் என்று சொன்னவர் சபையைச் சேர்ந்த ஒரு சாதாரண மனிதர். குண்டு வெளியே வெடித்தது. அவரும் பிள்ளைகள் பலரும் இறந்தார்கள். உள்ளே இருந்தவர்களில் எத்தனையோ பேர் அவரால் பிழைத்தார்கள். அவரிடம் கடிதமும் இல்லை, இடர் மதிப்பீடும் இல்லை.

கடிதம் வைத்திருந்தவர்கள் கதை 2023 ஜனவரி 12-இல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன தன் சொந்தப் பணத்திலிருந்து 10 கோடி ரூபாய் தர வேண்டும். பொலிஸ் மா அதிபராக இருந்த புஜித் ஜயசுந்தரவும் உளவுப் பிரிவின் தலைவராக இருந்த நிலந்த ஜயவர்தனவும் ஆளுக்கு 7 கோடியே 50 லட்சம். பாதுகாப்புச் செயலாளராக இருந்த ஹேமசிறி பெர்னாண்டோ 5 கோடி. நியூயார்க்கில் முடிவெடுத்த அமைப்பு விலக்குரிமைக்குப் பின்னால் நின்றது. கொழும்பில் முடிவெடுக்காதவர்கள் பெயர் பெயராக நிறுத்தப்பட்டார்கள். என் பார்வையில் இந்த இரண்டு தீர்ப்புகளும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. முன்னதில் காகிதத்தைப் படித்து, தவறாகவேனும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். பின்னதில் காகிதம் கைமாறிக்கொண்டே இருந்தது.

“அப்படியென்றால் எழுதினால் மட்டும் போதாது, எழுதியதைச் செய்யவும் வேண்டும் என்கிறீர்கள். அதற்குக் காசு?” என்றார் பொருளாளர். கணக்குப்பிள்ளையின் கேள்வி அங்கேதான் வந்து நிற்கும்.

காசு அதிகம் ஆகவில்லை. பள்ளியின் காவலாளியோடு மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தேன். மேடைக்குப் பின்னால் ஒரு நடைக்கூடம். விழா நாளில் அங்கே பரதநாட்டியப் பிள்ளைகளின் உடைப்பெட்டிகளும், வடைத் தட்டுகளும், மடக்கிய குழந்தை வண்டிகளும் அடைத்துக்கொண்டிருக்கும். அதன் முடிவில் தள்ளினால் திறக்கும் அவசரக் கதவு. கதவு நன்றாகத்தான் திறந்தது. வெளியே நான்கு பக்கமும் கம்பிவேலி போட்ட சிறு முற்றம். முற்றத்திலிருந்து தெருவுக்குப் போகும் இரும்பு வாயிலில் சங்கிலியும் பூட்டும். சாவி எங்கே என்றேன். “என்னிடம்தான். ஆனால் சனிக்கிழமை எட்டு மணிக்கு நான் போய்விடுவேன்” என்றார். எங்கள் விழா எட்டு மணிக்கு முடிந்ததாகச் சரித்திரமே இல்லை. தீ என்றாலும் குண்டு என்றாலும் நானூறு பேரும் முண்டியடித்து வந்து நிற்கப்போவது பூட்டிய வேலிக்குள்.

புதுச் சட்டப்படி வாடகை மண்டபத்துக்குப் பொறுப்பாளர் பெரும்பாலும் மண்டபத்தைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவர், இங்கே அந்த ஆங்கிலப் பள்ளி. வாடகைக்கு எடுக்கும் நாங்கள் அல்ல. பொருளாளர் இதைக் கேட்டதும் முகம் மலர்ந்து, “அப்போது பிரச்சினை அவர்களுடையதுதானே” என்றார். உள்ளே இருக்கப்போவது நம்முடைய பிள்ளைகள் என்றேன். பூட்டைப் பற்றி நிழற்படத்தோடு பள்ளி நிர்வாகத்துக்கு எழுதினோம். அதாவது, அவர் பயந்த அதே காரியத்தைச் செய்தோம்: இனி எங்களுக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும், தேதியோடு.

பதில் வரச் சுணங்கியது. ‘எங்கள் காப்பீட்டு விதிகளைப் பார்க்க வேண்டும்’ என்று பள்ளியிடமிருந்து ஒரு மின்னஞ்சல்; வாயிலைத் திறந்து வைத்தால் திருட்டுக்கு யார் பொறுப்பு என்று இன்னொன்று. பொருளாளர் அந்தக் கடிதங்களைத் தானே கோப்பில் போட்டு வைத்துக்கொண்டார். பிறகு வாடகை ஒப்பந்தத்தில் புதிதாக ஒரு விதி சேர்ந்து வந்தது: நிகழ்ச்சி முடியும்வரை பின்வாயில் சாவி வாடகைக்கு எடுப்பவரின் பொறுப்பில் இருக்கும், தொலைத்தால் 40 பவுண்டு. அந்த 40 பவுண்டைக் குறைக்கச் சொல்லி அவர் இப்போது அவர்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறார்.